கீழே யார் என்று சொன்ன மைனி

என் தம்பியைப் புதைத்த அன்று நடுவயது தாண்டிய ஒரு பெண்பிள்ளை குழி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துப் பேசினாள்.

"ஏ ரோசம்மாக்கா, தூங்குதியளா? கொஞ்சம் நவுந்து படுங்க. ஒரு பய வாரான். பேரு சேவியரு. பதினேழு வயசு. தாராவிலதான் வீடு. ரயில்ல கூட்டம் தள்ளி விழுந்துட்டான். பயந்திருப்பான். பாத்துக்கிடுங்க."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ம், இப்ப எறக்குங்க" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே உள்ளே தள்ளியிருப்பேன். யாரோ பைத்தியத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கீழ ஆளு இருக்கா? எம்புள்ளைக்குக் கீழ ஆளு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுவரை அம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

அந்தப் பெண்பிள்ளைதான் மைனி. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மைனி என்பார்கள். ஆனால் அவளை எல்லாருமே மைனி என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் அப்பா வயதுக்காரரும் மைனி, பள்ளிக்கூடப் பிள்ளையும் மைனி. கோயில் பாதிரியாரான சாமியார்கூட மைனி என்பார். அவர் மங்களூர்க்காரர், தமிழ்ப் பூசையை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பவர். அவர் திக்காமல் சொல்லும் தமிழ்ச் சொல் அது ஒன்றுதான் என்று மைனியே கேலி செய்வாள்.

கோயில் செம்பூரில் இருக்கிறது. சின்னக் கோயில். பின்னால் கல்லறைத் தோட்டம், அதுவும் சின்னது. ஒரு பக்கம் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய், ஒரு பக்கம் புதிதாக எழும்புகிற டவர். மொத்தம் நாற்பத்திரண்டு குழி. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு. பம்பாயில் உயிரோடு இருப்பவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை, செத்தவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் ஒரு குழி ஒருவருக்கு இரண்டு வருசம்தான். யாராவது செத்தால், இருப்பதில் பழைய குழி எதுவோ அதைத் திறப்பார்கள். உள்ளே இருக்கிற எலும்பை வெள்ளைத் துணியில் கட்டிச் சுவரில் இருக்கிற மாடத்தில் வைப்பார்கள். மாடம் நிறைந்திருந்தால் மூலையில் இருக்கிற எலும்புக் கிணற்றில் போடுவார்கள். பிறகு அந்தக் குழி புது ஆளுக்கு. பெயர் வெட்டிய கல் வைக்க அனுமதி இல்லை. ஒரு மரச் சிலுவை, அதில் ஒரு நம்பர். அவ்வளவுதான். முழு எலும்பும் ஒருபோதும் வராது, ஏதாவது கொஞ்சம் அடியில் தங்கிவிடும் என்பாள் மைனி. அதனால் எந்தக் குழியையும் அவள் காலி என்று சொல்லமாட்டாள். யாராவது வாய் தவறிச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

"காலியா? ஒம் மண்டதான் காலி. அதுல பதினோரு பேரு இருக்காவ."

பதினோரு பேரையும் சொல்லுவாள். அதுதான் மைனி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் ஆபீசில் இருந்த பழைய புத்தகம் ஒரு மழை வெள்ளத்தில் ஊறிக் கூழாகிப்போனது. புதுப் புத்தகத்தில் நம்பரும் தேதியும் மட்டும் இருந்தன. எந்தக் குழியில் யார் மேல் யார் என்பது மைனியின் வாயில்தான் இருந்தது. நாற்பத்திரண்டு குழியும், அடியிலிருந்து மேல் வரை.

முதல் குழியின் கதையை நான் நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். அது மைனியின் மாமனார் சொன்னது. அந்தக் குடும்பம்தான் முதலிலிருந்து அங்கே மண் வெட்டியது. அப்போது அந்த இடம் நெல் வயல். தாராவியில் தோல் ஷாப்பில் வேலை செய்த ஒருவரின் பெண்டாட்டி பிரசவத்தில் செத்துப்போனாள்.

"பெட்டியெல்லாம் கெடையாது. பாயில சுத்தித் தண்டவாளத்து ஓரமாவே தூக்கியாந்துருக்காவ. நல்ல மழை. தோண்டத் தோண்ட குழிக்குள்ள தண்ணி ஊறுது. நாலு ஆம்பளைய டப்பா வச்சு கோருதாவ, நிக்க மாட்டேங்குது. தண்ணிக்குள்ள எப்பிடிப் போடுததுன்னு புருசங்காரன் அழுவுதான். கடைசில எங்க மாமனாரு உள்ள எறங்கி இடுப்பளவு தண்ணில நின்னு, கையில வாங்கி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எம் மேலேயே மண்ணத் தள்ளுங்கடேன்னாராம். கழுத்து வர மண்ணு வந்த பெறவு அவர இழுத்தாவளாம்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். "மொத ஆளே ஒத்தையில போவலட்டி. கூட ஆளோடதான் போயிருக்கா."

ஏன் குழிக்குள் பேசுகிறாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். "நீ வாஷி மாலுல வேலைக்குச் சேந்த அன்னைக்கு அங்க இருக்கவங்ககிட்ட ஒன்னக் காட்டி இன்னாருன்னு சொன்னாவளா இல்லியா?" என்றாள். சொன்னார்கள் என்றேன். "பெறவென்ன கேக்க?" என்றாள்.

பேசுவதோடு விடமாட்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். சாமியார் ஒவ்வொரு குழியாக மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வருவார். குடும்பத்தார் மெழுகுவர்த்தி ஏற்றி அவரவர் குழியில் நிற்பார்கள். ஒரு குழிக்கு மூன்று நாலு குடும்பம் வரும். ஒருவரை ஒருவர் தெரியாது. மைனி நடுவில் புகுந்து, "ஏம்மா நீ அங்கன தள்ளி நிக்க? இவிய ஒங்க மாமாவுக்குக் கீழ இருக்க அம்மாவோட மகன். கையக் குடு" என்று பிடித்துச் சேர்த்துவிடுவாள். அதற்குக் குழிச் சொந்தம் என்று பெயரும் அவளே வைத்திருந்தாள். விக்ரோலியில் ஒரு குடும்பமும் மான்குர்த்தில் ஒரு குடும்பமும் இப்படிப் பழகிக் கடைசியில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். எலும்பு பார்த்த சம்பந்தம் என்று கல்யாண வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்தார்களாம்.

எல்லாரும் கையைக் கொடுத்துவிடவில்லை. மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி எங்கள் கோயில் கமிட்டியில் பெரிய ஆள். அவர் அப்பா செத்தபோது மைனி வழக்கம்போலக் குத்தவைத்து, "கீழ இருக்க பாக்கியம், இவுக பெரிய கடைக்காரவுக, மரியாதையா எடம் விடு" என்று சொல்லிவிட்டாள். பாக்கியம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் வீட்டுப் பெண். எந்த ஊர், எந்தத் தெரு என்பதையும் மைனி விடாமல் சொன்னாள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துப்போனது.

"வேற குழி பாருங்க மைனி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்தக் குழி வேணும் அண்ணாச்சி? ஒவ்வொண்ணுக்கும் அடியில ஆரு இருக்கான்னு சொல்லுதேன். ஒங்க ஆளுகளா மட்டும் இருக்க குழி ஒண்ணு அமஞ்சா எனக்கும் காட்டுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி அப்பாவை அங்கேதான் வைத்தார். ஆனால் அடுத்த வாரமே, இனிமேல் குழிக்குள் பேசக் கூடாது, அது வேதத்தில் இல்லாத வழக்கம் என்று சாமியாரைச் சொல்ல வைத்தார். மைனி இரண்டு மாசம் வாயைத் திறக்கவில்லை. குத்தவைத்து உட்காருவாள், உதடு மட்டும் அசையும். பிறகு ஒரு சாவில் செத்தவரின் மகளே, "என்ன மைனி, எங்க அம்ம யாரு மேல போறான்னு சொல்லலியே?" என்று கேட்டுவிட்டாள். சாமியார் வானத்தைப் பார்த்தார். மைனி சத்தமாகச் சொன்னாள். அதோடு அந்தச் சட்டம் போனது.

நான் அவளிடம் ஒட்டிக்கொண்டது எப்படி என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் வாஷியில் ஒரு மாலில் துப்புரவு வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு நின்றவளுக்கு அதுவே பெரிசு. பக்கத்து போன் கடையில் தம்பிக்கு வேலை சொல்லி வைத்தவள் நான்தான். "வாடா, ரெண்டு பேரும் ஒரே லைன்ல போகலாம்" என்றேன். அவன் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பதாம் நாள், மான்குர்த்துக்கும் கோவண்டிக்கும் நடுவில், வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கினவனைக் கூட்டம் தள்ளிவிட்டது. நான் அன்றைக்கு லேடீஸ் பெட்டியில் அதே வண்டியில் இருந்தேன். வண்டி நின்றது. யாரோ விழுந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். சே, இன்றைக்கும் லேட் என்று நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. மைனியிடம் சொன்னேன்.

மைனி கேட்டுக்கொண்டாள். பிறகு டீயை என் பக்கம் தள்ளினாள். "ஆறுது பாரு" என்றாள். வேறு யாராக இருந்தாலும் உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன் என்று நினைக்கிறேன்.

அம்மா ஒரு தடவையும் வரவில்லை. கூப்பிட்டால், "எம்புள்ள நெரிசல்ல செத்தான். அங்கயும் கீழ ஒரு ஆளு. இனி மேல ஒரு ஆளு போடுவாவளாம். அவன் மேல ஆரும் படுக்கக் கூடாது பாத்துக்க. படுத்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்பாள். சாப்பிடும்போது சொல்லுவாள். துணி துவைக்கும்போது சொல்லுவாள். நான் சரி சரி என்பேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

இரண்டு வருசம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது மைனியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"மைனி, இருபத்துமூணாம் குழிய மட்டும் விட்டுருங்க. அடுத்தத எடுங்க. ஒங்களத் தவிர ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஒரே ஒரு வருசம்."

"ஏட்டி, எம் மவ மஞ்சக் காமாலையில போனா. ஒம்பது வயசு. முப்பத்தாறாம் குழி. ரெண்டு வருசம் ஆனதும் ஆரு தொறந்தா தெரியுமா? அவ அப்பன் குடிச்சிட்டு நாலா ஓரத்துல கெடந்தான். நான்தான் மம்பட்டியப் பிடிச்சேன். அன்னைல இருந்துதான் இந்த வேல எங் கைக்கு வந்தது. இப்ப அவ மேல அஞ்சு பேரு போயாச்சு. ஒவ்வொருத்தரையும் சொல்லித்தான அனுப்புனேன்?"

"நீங்க கல்லு மைனி. என்னால முடியாது."

"முடியும்னு ஆரு சொன்னா? நீ வந்து நிக்கணும், அவ்வளவுதான். நான் எடுத்துத் தாரேன்."

அவளுக்கு அப்போதே சர்க்கரையில் கால் விரல் கறுத்திருந்தது. மழை முடிந்த வாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வாரம்தான் கோயில் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த சாவுக்குத் திறக்க வேண்டிய குழி 23.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் முன்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் போனேன். மழையில் எல்லாக் குழியும் ஒரே மட்டமாக அமுங்கி, மேலே புல் ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. தம்பியின் சிலுவையைப் பிடுங்கினேன். ஈர மண்ணில் பல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. பக்கத்தில் இருபத்துநாலையும் பிடுங்கினேன். இதை அங்கே, அதை இங்கே நட்டேன். இருபத்துநாலின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூமாலை கிடந்தது. அதையும் எடுத்துத் தம்பி மேல் போட்டேன். காலால் மண்ணை மிதித்துச் சரி செய்தேன். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.

இருபத்துநாலில் இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா அக்கா. நாலு மாசத்துக்கு முன்னால்தான் புதைத்தார்கள். அவள் புருசன் செம்பூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்கு நான் மைனி பக்கத்திலேயே நின்றேன். "இவளுக்கு வெளிய ரெண்டு வயசுல ஒரு பிள்ள இருக்கு. அழுதா அதட்டாதிய" என்று மைனி உள்ளே சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். கேட்டும்தான் செய்தேன். என்ன நினைத்துச் செய்தாய் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். மைனி வந்து கண்டுபிடித்துத் திட்டுவாள், அதற்குள் கொஞ்ச நாள் கிடைக்கும் என்று நினைத்தேனா? ஸ்டெல்லா அக்காவை நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. தம்பி மேல் அந்த நம்பர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் மண்டையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு சாவு விழுந்தது. ஆபீசிலிருந்து எனக்கு போன் வந்தது, குழி திறக்கிறோம், வீட்டு ஆள் வந்து நில்லுங்கள் என்று. டியூட்டி இருக்கிறது, வர முடியாது என்றேன். மைனி இல்லாததால் வெளியிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, மைனியும் தெரியாது, நம்பர்தான் தெரியும். இருபத்துமூன்று என்று எழுதியிருந்த இடத்தில் தோண்டினார்கள்.

பெட்டிப் பலகை மக்காமல் முழுசாக இருந்திருக்கிறது. மம்பட்டி பட்டு மூடி பிளந்துவிட்டது. இரண்டு பேரும் மேலே ஏறி ஓடி வந்து வாந்தி எடுத்தார்கள். விசயம் கேள்விப்பட்டு ஸ்டெல்லா அக்கா புருசன் ஆட்டோவைப் பாதி ரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தாராம். "எம் பொண்டாட்டி எடம் எனக்குத் தெரியாதா? இது இருபத்துநாலு. அவதான் இது. அவள எதுக்குய்யா எழுப்புனிய?" என்று கத்தியிருக்கிறார். பிறகு சட்டையைக் கழற்றி அந்தப் பிளவின் மேல் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். நான் அப்போது மாலில் இரண்டாம் மாடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் ஒவ்வொன்றாக வந்தது.

அண்ணாச்சி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மைனியிடம் விசாரித்துவிட்டு வந்தார். அடுத்த நாள் கோயிலில் எல்லாருக்கும் சொன்னார்கள். மைனி ஒத்துக்கொண்டாளாம். நம்பர் நட்டபோதே தான்தான் மாற்றி நட்டுவிட்டதாக. தனக்கு இப்போதெல்லாம் எல்லாம் மறந்துபோகிறது என்று.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாதம் போயிருந்தது. முகம் சுருங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏட்டி, மாலையையுமா மாத்துன?" என்றாள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி சொன்னாரு, மால பக்கத்துக் குழியில கெடந்ததுன்னு. சிலுவ சாஞ்சா மறந்து நட்டுரலாம். மால நடக்குமா? கை வச்சது நீதான்னு அப்பவே தெரியும்."

"ஏன் மைனி நீங்க செஞ்சதாச் சொன்னிய?"

"வேற என்ன சொல்ல? ஒங்கம்மைய நடுக்கோயில்ல நிப்பாட்டி ஏசச் சொல்லணுமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "சேவியரு மேல ஆரும் படுக்கக் கூடாதுன்னு நெனச்ச. அவன் ரோசம்மா மேலதான படுத்திருக்கான். அவ என்னைக்காவது ஒன்கிட்ட வந்து கேட்டாளா?"

நான் அழுதேன். "அழாத. எனக்குக் காலு வலிக்கு, நீ வேற" என்றாள். பிறகு, "ரெண்டு சிலுவையையும் அது அது எடத்துல வச்சிரு. நான் வந்து பாக்கும்போது சரியா இருக்கணும்" என்றாள்.

வைக்கிறேன் என்றேன். வைக்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு பின் கேட்டில் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாமியாரிடம் சாவி கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார். இரண்டு தடவை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

மைனி சொன்ன அந்த ஒரு பொய் நாற்பத்திரண்டு குழியையும் பிடித்துக்கொண்டது. மைனியே மறந்துவிட்டாள் என்றால் எதை நம்புவது? ஒவ்வொரு வீட்டிலும் இதே பேச்சு. எங்கள் அம்மா உண்மையிலேயே ஒன்பதாம் குழியா? எங்கள் தாத்தா எலும்பு என்று மாடத்தில் வைத்தது யாருடையது? ஆபீசில் வந்து அழுதார்கள், சண்டை போட்டார்கள். எல்லாம் சரியாகும் வரை எந்தக் குழியும் திறப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாவைச் சேவ்ரி பக்கம் பெரிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

நான் போய் வந்த ஐந்தாம் நாள் மைனி செத்துப்போனாள். விசம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

வேலை நாள். கோயிலில் முப்பது பேர்கூட இல்லை. அம்மா வந்திருந்தாள். மைனிக்காக வந்தாள், கல்லறைப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஸ்டெல்லா அக்காவின் புருசனும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது.

பூசை முடிந்ததும் அண்ணாச்சி எழுந்தார். "வண்டி வெளிய நிக்கி. மைனியச் சேவ்ரிக்குக் கொண்டு போறோம். நல்ல எடமாச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

"மைனி மக இங்கதான கெடக்கா. இங்க வைக்கக் கூடாதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையில்லியா? எங்கப்பாவ எறக்குனவ அவ." அண்ணாச்சியின் குரல் உடைந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆனா எந்தக் குழியத் தொறக்கச் சொல்லுதிய? தப்பித் தொறந்து இன்னொரு வயிறு எரியணுமா? அந்த ஆட்டோக்காரப் பையன் அந்தா உக்காந்திருக்கான். அவன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நாலு பேர் பெட்டியில் கை வைத்தார்கள். பெட்டி அசைந்தது.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்றேன்.

நான் கத்தினேனா, மெதுவாகச் சொன்னேனா தெரியாது. எல்லாரும் திரும்பினார்கள்.

"மைனி மறக்கல. நான்தான் சிலுவைய மாத்தி நட்டேன். மாலையையும் நான்தான் போட்டேன். இருபத்துநாலுன்னு எழுதியிருக்குல்ல, அதுதான் இருபத்துமூணு. அதுல ரோசம்மா, அவங்களுக்கு மேல எந்தம்பி. ரெண்டு வருசம் முடிஞ்சாச்சு. அதத்தான் தொறக்கணும். வேற ஒரு குழியும் மாறல. மைனி சொன்னது எல்லாம் சரி. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

கடைசி பெஞ்ச் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணாச்சி கையை ஓங்கிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். யாரோ, சண்டாளி என்றார்கள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தமிழ் வரவில்லை.

அம்மா மட்டும் எழுந்து என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நின்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்பச் சின்னக் குரலில், "அப்ப அவன இன்னைக்கு எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவே இல்லை.

குழி திறக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் ஓரத்தில் நின்றேன். நான் பார்த்ததை எழுத முடியாது. சட்டைப் பொத்தான் ஒன்று முதலில் வந்தது, நான்தான் அந்தச் சட்டையை வாங்கினேன், அதை மட்டும் சொல்லுகிறேன். துணியில் கட்டிக் கொடுத்தார்கள். அஞ்சடி ஒன்பது அங்குலம் இருந்தவன். இரண்டு கைக்குள் வந்துவிட்டான். சுவரில் மாடம் ஒன்றும் காலியில்லை. காத்திருந்தால் அடுத்த வருசம் ஒன்று கிடைக்கலாம், அதுவரை ஆபீசில் வைத்துக்கொள்ளலாம் என்றார் சாமியார். வேண்டாம் என்று அம்மா சொன்னாள், நான் சொல்வதற்கு முன்னால். கிணற்று மூடியைத் தூக்கினார்கள். நான்தான் போட்டேன். அம்மா என் சேலை முந்தியைப் பிடித்திருந்தாள்.

திரும்பி வந்தபோது மைனியின் பெட்டி குழி வாயில் இருந்தது. இறக்குவதற்கு இரண்டு கயிறு, நாலு பேர் வேண்டும். மூன்று பேர்தான் நின்றார்கள். மற்றவர்கள் என்னோடு சேர்ந்து நிற்க இஷ்டமில்லாமலோ என்னவோ தள்ளி நின்றார்கள். தரையில் கிடந்த கயிற்று முனையை நான் எடுத்தேன். கயிறு பெட்டிக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. அந்த முனையைப் பிடித்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவின் புருசன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். காலை அகட்டி வைத்தார்.

"பட்டுனு விட்டுராத. எம் பக்கம் சாஞ்சிரும்" என்றார். "மெதுவா விடு."

இன்றுவரை அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.